ப்ளீச் தெறித்ததாம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுகிறேன். நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு, நலமா இல்லையா என்று நீயே சொல்.

போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். வீட்டில் இருப்பது அப்பாவின் போன் ஒன்றுதான். நீ கூப்பிட்டாலே ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்கிறார். அதோடு இதை வாயால் சொல்ல என்னால் ஆகாது. கடையில் சோப்பு கேட்கவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியாதா.

அம்மா சொல்லச் சொல்ல எழுதுவதாகத்தான் பேச்சு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதச் சொன்னாள். உடம்பில் எங்கே என்று எழுத என்றேன். அங்கேதான் என்றாள். அங்கே என்றால் அண்ணனுக்கு என்ன புரியும் என்றதும், அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பே பற்றவைக்கவில்லை. அதனால் மீதியை நானே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அப்பாவுக்கு ஆணுறுப்பின் முன்தோல் வெளுத்துப்போயிருக்கிறது. எழுதிவிட்டேன்.

முதலில் எனக்கும் தெரியாது. துவைக்கும்போது அவர் உள்ளாடையில் ரத்தப் பொட்டு இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். அம்மா கேட்ட பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். சாயப்பட்டறையில் துணி வெளுக்கும் தொட்டியில் வேலை செய்தபோது ப்ளீச் தெறித்துக் கால்சட்டையில் ஊறிவிட்டதாம். கையில் பட்டால் வெளுக்கவில்லையா, புதுத்தோல் வந்தால் நிறமும் தானாக வரும் என்றாராம். மறுபடி ப்ளீச் படக்கூடாதென்றுதான் மேஸ்திரியிடம் கெஞ்சிச் சாயத் தொட்டிக்கு மாறியிருக்கிறார். நம்மிடம் மூக்கெரிச்சல் என்றார். அவர் மாறிய அன்று, என்ன மாஸ்டர், இந்த வயதில் கலர் கேட்கிறதா என்று ஆட்கள் கிண்டல் செய்தார்கள். அங்கே சாயத்துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நானும் சேர்ந்து சிரித்தேன்.

தொட்டி மாறி எத்தனையோ மாதம் ஆகிறது. நிறம் வரவில்லை, வெளுப்புதான் பரவுகிறது. தோல் இறுகி வெடிக்கிறதாம். எரிச்சலுக்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. பொதுக் கழிவறையில் அவர் போனால் வர நேரமாகிறது. உள்ளே தூங்கிவிட்டீர்களா என்று வெளியே நிற்பவர்கள் கதவைத் தட்டுகிறார்கள்.

டாக்டரிடம் காட்டுங்கள் என்று அம்மா சொன்னாள். அவிழ்த்துக் காட்ட நான் என்ன சின்னப் பிள்ளையா என்று கத்தினார். அங்கேதான் எல்லாம் கெட்டது. தப்பு செய்யாதவர் ஏன் டாக்டருக்குப் பயப்பட வேண்டும் என்று அம்மா கேட்டாள். அதோடு பேச்சு நின்றது. போன வருடம் அப்பா வெளியூர் வேலைக்குப் போய்த் தங்கியது நினைவிருக்கும். அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் படுக்கையை மட்டும் எடுத்து முன்னறையில் போட்டுவிட்டாள். தட்டை வைக்கிறாள், போய்விடுகிறாள்.

அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது நான்தான் அம்மாவை நர்ஸ் அக்காவின் அறைக்கு இழுத்துப்போனேன். அம்மா சுவரைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். இரண்டு பேரில் யாருக்கு என்று அக்கா கேட்டார். கடைசியில் எப்படியோ சொன்னோம்.

அந்த இடம் மற்ற இடத்தைவிடக் கறுப்பாக இருப்பது இயல்புதான், வயதாக ஆக மெல்லக் கறுத்தாலும் பயமில்லை என்றார். ஆனால் புதிதாக வெளுத்தோ சிவந்தோ திட்டு வந்தால், அரிப்பு, வெடிப்பு, ரத்தம், கட்டி, ஆறாத புண் சேர்ந்தால் காட்டியே ஆக வேண்டுமாம். திடீரென்று வலியோடு வீங்கி நீலம் பாய்ந்தாலோ, சிறுநீரே வராவிட்டாலோ அப்போதே ஓட வேண்டுமாம். இப்படி வெளுத்து இறுகும் ஒரு தோல் நோய் இருக்கிறதாம். அது யாரிடமிருந்தும் ஒட்டுவதில்லை, களிம்பிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். கவனிக்காமல் விட்டால் சிறுநீர் வழி சுருங்கும், அரிதாகப் புற்றுநோயாகவும் மாறலாம் என்றார். அப்பாவுக்கு இருப்பது அதுதானா என்று டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம். ப்ளீச் பட்ட காயம் இத்தனை மாதம் பரவிக்கொண்டே போகாது என்றும் சொன்னார்.

ஒட்டாது என்பது நிச்சயம்தானா என்று அம்மா கேட்டாள். அது ஒன்றைத்தான் கேட்டாள். அந்த நோயென்றால் நிச்சயம், எந்த நோய் என்பதற்குத்தான் ஆளைக் கூட்டிவாருங்கள் என்றார் அக்கா.

அண்ணா, நீ சொன்னால் அப்பா கேட்பார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடு. அப்போது தொட்டிகளுக்குப் பின்னால் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார். அங்கே பார்ப்பவர் ஆண் டாக்டர்தான் என்று சொல். ப்ளீச் இல்லை அப்பா என்று சொல். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, அப்புறம் அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார். உனக்கும் இப்படி ஏதாவது இருந்தால் மறைக்காமல் காட்டு. இந்த வரியை நர்ஸ் அக்கா எழுதியதாக வைத்துக்கொள்.

இப்போதுதான் அம்மா வந்து, எல்லாம் எழுதிவிட்டாயா என்றாள். படித்துக் காட்டவா என்றேன். வேண்டவே வேண்டாம் என்றாள். போகத் திரும்பியவள், அவர் டாக்டரிடம் போகும் அன்று தானும் கூட வருவதாக எழுது என்றாள். உள்ளே வரமாட்டாளாம், வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாளாம்.

முதலில் அதைச் சொல் அண்ணா. மற்றதெல்லாம் பிறகு.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை