பச்சையாகத்தான் சாப்பிடுகிறார்

துலூஸ்
18.2.2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஏலிஸ் எழுதுகிறேன். தமிழில் கடிதம் எழுதி எத்தனையோ வருடமாகிவிட்டது. எழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே நானும் ஜீனும் பிள்ளைகளும் போர்வைக்குள் சுருண்டபடி நலம். அங்கே யாரை நலம் விசாரிப்பது என்றுதான் தெரியவில்லை. அண்ணனைக் கேட்டால், "நான் சூப்பரா இருக்கேன், உங்க அண்ணியக் கேளு" என்கிறார். உங்களைக் கேட்டால், "உங்க அண்ணன் நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு ஃபோனை அவரிடமே கொடுத்துவிடுகிறீர்கள்.

போன வாரம் திடீரென்று குரலைத் தாழ்த்தி, "எதுவா இருந்தாலும் என் ஸ்கூல் விலாசத்துக்கு லெட்டர் போடு, வீட்டுக்குப் போடாத" என்றீர்கள். அதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. என் சொந்த அண்ணனைப் பற்றிப் பேச எதற்கு இந்த ஒளிவு மறைவு?

நேராகவே கேட்கிறேன். இரண்டு சிறுநீரகமும் முக்கால்வாசி போய்விட்ட மனிதர். டயாலிசிஸுக்குத் தயாராக வேண்டும் என்று டாக்டர் சொல்லி, கையில் ரத்தக் குழாயை இணைக்கும் சின்ன ஆபரேஷனுக்கு நாளும் குறித்தார். அன்றைக்கு இவர் நோணாங்குப்பத்தில் யார் வீட்டிலோ உட்கார்ந்து பச்சைக் கேரட்டைக் கடித்துக்கொண்டிருந்தாராம். அடுப்பில் வைத்த எதையும் இனித் தொடமாட்டேன் என்று சபதமாம். நீங்கள் எப்படிச் சும்மா இருந்தீர்கள்? இது யாருடைய யோசனை? பாகூரில் உங்கள் சொந்தக்காரர்கள் யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?

தப்பாக நினைக்காதீர்கள். நினைத்தாலும் பரவாயில்லை, பதில் போடுங்கள்.

அன்புடன்,
ஏலிஸ்

✽

புதுச்சேரி
4.3.2024

அன்புள்ள ஏலிஸுக்கு,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்து படித்தேன். என்னைப் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தி வைத்துக் கேட்ட மாதிரி இருந்தது. இருபத்தாறு வருடம் உன் அண்ணனோடு குடும்பம் நடத்திவிட்டேன். இன்னும் பாகூர்க்காரி, பாகூர்க்காரி என்றுதானே உனக்கு நினைப்பு!

யோசனை முழுக்க அவருடையது. அவரோடு பிரெஞ்சுப் பாடம் எடுத்த ஒருவர் டயாலிசிஸ் ஆரம்பித்த வருடமே போய்விட்டார். சாவுக்குப் போய் வந்ததிலிருந்து, "மெஷின்ல மாட்டினா மனுஷன் அவ்ளோதான்" என்பதே பேச்சு. அப்போதுதான் கலைவாணன் என்று ஒருவர் அறிமுகமானார். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நோணாங்குப்பத்தில் தன் வீட்டிலேயே இயற்கை உணவுக் குழு நடத்துகிறார். தன்னுடைய சர்க்கரை வியாதியைச் சமைக்காத உணவாலேயே கட்டுக்குள் வைத்திருக்கிறாராம். யாரிடமும் ஒரு காசு வாங்குவதில்லை. நல்ல மனிதர்தான். அதுதான் எனக்குப் பயமே. திருடனாக இருந்தால் உன் அண்ணனே கண்டுபிடித்துவிடுவார்.

அழுதேன், சண்டை போட்டேன், இரண்டு வேளை பட்டினி கிடந்தேன். "நீ எனக்குச் சமைச்சுப் போடலன்னா செத்துட மாட்டேன், சமைச்சுப் போட்டாத்தான் சாவேன்" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது?

ஆகவே அவர் பச்சையாகத்தான் சாப்பிடுகிறார். காய்கறியை அழகாக நறுக்கி, எலுமிச்சை பிழிந்து வைக்கிறேன். அதற்குச் 'சாலாத்' என்று பிரெஞ்சுப் பெயர் வேறு. போன வாரம் ரத்தப் பரிசோதனை செய்தோம். பொட்டாசியம் அளவுக்குள்தான் இருக்கிறது. டாக்டருக்கே ஆச்சரியம். நீ கவலைப்படாதே. இதற்கு மேல் எதையும் கேட்காதே. முக்கியமாக ஃபோனில் கேட்காதே. இப்போதெல்லாம் என் ஃபோனை அவர்தான் வைத்திருக்கிறார், வருகிற மெசேஜை எல்லாம் படிக்கிறார்.

அவர் எனக்குத் தெரியாமல் வெள்ளிக் கொலுசு வாங்கியபோது, அது கடையிலிருந்து வீடு வந்து சேருமுன் என்னிடம் ஓடி வந்து சொன்னவள் நீ. உன் வயிற்றில் ஒரு வார்த்தை தங்காது. அதனால்தான் சொல்கிறேன்.

ஜீனையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அண்ணி சிவசங்கரி

✽

துலூஸ்
20.3.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கொலுசுக் கதையை எழுதி என்னைச் சிரிக்க வைத்துவிட்டால் நான் விட்டுவிடுவேன் என்று நினைத்தீர்களா?

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு நர்சிடம் விசாரித்தேன். சிறுநீரகம் கெட்டவர்கள் பச்சைக் காய், பழம், கீரை, இளநீர் என்று இறங்கினால் பொட்டாசியம் ஏறி, இதயமே நின்றுவிடலாம் என்று சொல்கிறாள். அவர் பச்சையாகச் சாப்பிடுகிறார் என்கிறீர்கள். ரிப்போர்ட்டும் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். இரண்டில் ஒன்று பொய். எது பொய் அண்ணி?

இன்னொன்று. உங்கள் எதிர்வீட்டு வசந்தா என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள் என்பதை மறந்துவிட்டீர்கள். விடிவதற்கு முன்பே உங்கள் சமையலறையில் விளக்கு எரிகிறதாம். ஜன்னல் வழியாக ஆவி வருகிறதாம். பானை பானையாக வெந்நீரைச் சாக்கடையில் கொட்டுகிறீர்களாம். அவள் ஒரு நாள் கதவைத் தட்டினதற்கு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வெகுநேரம் திறக்கவில்லையாம். அண்ணன் இலை தழையை மென்றுகொண்டிருக்கும்போது அந்த வீட்டில் யாருக்காக அடுப்பு எரிகிறது?

மனதில் இருப்பதை மறைக்க எனக்குத் தெரியாது. உங்களை எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. எனக்கென்று இருக்கும் ஒரே உறவு அவர். அப்பா அம்மா இரண்டு பேரையும் நான் கடைசியாகப் பெட்டியில்தான் பார்த்தேன். அவரையும் அப்படிப் பார்க்க மாட்டேன். உண்மையைச் சொல்லாவிட்டால் நானே அவரிடம் கேட்பேன்.

ஏலிஸ்

✽

புதுச்சேரி
5.4.2024

ஏலிஸுக்கு,

கோபத்தில் உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டி மறுபடி படித்தேன். 'எது பொய்' என்று கேட்டிருக்கிறாய். சரியான கேள்விதான். சொல்லிவிடுகிறேன்.

அவர் பச்சையாகச் சாப்பிடவில்லை. பச்சையாகச் சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் என்னிடம் தனியாகச் சொன்னார். காயைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தில் பெரும்பகுதி போய்விடுமாம். அவர் எழுந்திருப்பதற்குள் எல்லாவற்றையும் அரை வேக்காடு வேகவைத்து, வடித்து, ஐஸ் தண்ணீரில் போட்டுவிடுவேன். ஆறினதும் கொஞ்சம் மொறுமொறுப்பு வந்துவிடும். எலுமிச்சை பிழிந்துவிட்டால் சாலாத். இந்த நோயில் அவருக்கு எதைத் தின்றாலும் இரும்பைக் கடித்த மாதிரி இருக்கிறதாம். அந்த நாக்கு கெட்டதுதான் எனக்கு உதவி. வசந்தா பார்த்த வெந்நீர் அதுதான். இளநீர் என்று கொடுப்பதில் ஒரு கரண்டிதான் இளநீர், மீதி தண்ணீரும் சர்க்கரையும்.

கட்டின புருஷனைத் தினம் மூன்று வேளை ஏமாற்றுகிறேன். அவர் சப்புக்கொட்டிக்கொண்டு, "பாத்தியா, பச்சக் காயோட ருசியே தனி" என்னும்போது எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். என்றைக்காவது கண்டுபிடித்துவிட்டால் வேறு எங்காவது போய் நிஜமாகவே பச்சையாகத் தின்பார். அன்றைக்கு அவரை யாராலும் காப்பாற்ற முடியாது.

உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இந்த ஒன்றையாவது வயிற்றில் வைத்துக்கொள்.

சிவசங்கரி

✽

துலூஸ்
10.4.2024

அண்ணிக்கு,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. வராது என்றே நினைத்தேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் ஃபோனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடுப்பு, ஆவி, வெந்நீர், தாழ்ப்பாள், எல்லாம். "உங்க சமையல்ரூமுக்கு விடியக்காலையில ஒருநாள் போய்ப் பாருண்ணா" என்றேன். அங்கே கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "நீயாச்சும் சொன்னியேம்மா" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது.

என் மேல் கோபப்படுங்கள். ஆனால் எனக்கு மனம் லேசாகிவிட்டது. மறைக்க ஒன்றும் இல்லை என்றால் உங்களுக்கும் நஷ்டமில்லையே.

ஏலிஸ்

✽

புதுச்சேரி
9.5.2024

ஏலிஸ்,

உன் கடிதமும் என் கடிதமும் நடு வழியில் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்திருக்கும்.

இதை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டுப் போகிறேன். அவர் தொடாத ஒரே இடம் அதுதான், நீ சோறு வைக்கத் திறப்பாய். நாளைக் காலை நீ வந்து இறங்கும்போது நான் பாகூர் பஸ்ஸில் இருப்பேன். என் தம்பி வீட்டில் இருக்கப் போகிறேன். இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்க்காமல் இருப்பதே இப்போதைக்கு நல்லது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தியைத் தம்பி உனக்கு ஃபோனில் சொன்னான். சொல்லாததை எழுதுகிறேன். நீ ஃபோன் செய்த மறுநாள் விடியற்காலையில் சமையலறை வாசலில் வந்து நின்றார். பானையில் கேரட் வெந்துகொண்டிருந்தது. பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எத்தினி நாளா?" என்றார். "மொத நாள்லேர்ந்து" என்றேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். பையை எடுத்துக்கொண்டு நோணாங்குப்பத்துக்குப் போய்விட்டார். நான் கெஞ்சியும் திரும்பி வரவில்லை. அங்கே ஏதோ முகாமாம். கீரைச் சாறு, வாழைப்பழம், வேண்டுமட்டும் இளநீர். கடைசியில் கலைவாணனே காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார். இதயத் துடிப்பு அடங்கிக்கொண்டே போனது. கழுத்தில் குழாய் போட்டு, எந்த மெஷினுக்குப் பயந்து ஓடினாரோ அதே மெஷினில் மாட்டித்தான் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். மறுநாள் கலைவாணன் பார்க்க வந்தார், கையில் ஓர் இளநீரோடு. அவரை என்ன சொல்ல? பிடுங்கி வேப்பமரத்தடியில் கொட்டினேன்.

வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்குப் போகிறார். ஆனாலும் பச்சை பச்சை என்றுதான் பிடிவாதம். "நீ வேக வெச்சுக் குடுத்ததாலதான் மெஷினுக்கு வந்தேன்" என்கிறார். என் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்குவதில்லை. ஆப்பிளைத் தானே தோல் சீவித் தின்று காலம் தள்ளுகிறார். உன்னை மட்டும்தான் நம்புகிறாராம்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன். கை வரவில்லை. அது கிடக்கட்டும். கேரட்டை விரல் நுனி அளவுக்கு நறுக்கு. பீன்ஸ் இன்னும் கொஞ்ச நேரம் வேகட்டும். தண்ணீரை மறக்காமல் கொட்டு. ஐஸ் ஃபிரிட்ஜில் இருக்கிறது. இளநீர் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம். முகத்தில் எதையும் காட்டாதே. அதுதான் உனக்குக் கஷ்டம்.

சிவசங்கரி

✽

புதுச்சேரி
26.5.2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஃபோனில் பேசினால் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதனால் பாகூருக்கும் கடிதம்தான்.

முதல் நாள் கேரட் குழைந்துவிட்டது. "என்னாது இது, கொழகொழன்னு இருக்கு?" என்றார். பிரான்சில் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத்தான் தின்போம் என்று புளுகினேன். நம்பிவிட்டார் அண்ணி. அண்ணன் நம்பினதைப் பார்த்ததும் குளியலறைக்குப் போய் அழுதேன். எனக்குப் புளுகவே வராது என்று நினைத்திருந்தேன்.

இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், பொட்டாசியமும் இறங்கிவிட்டது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி வந்துதான் என்னைக் காப்பாத்துனா, பொண்டாட்டி கொன்னுருப்பா" என்கிறார். நான் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன். நீங்கள் செய்ததையே செய்து, உங்களுக்கு வர வேண்டிய பெயரை நான் வாங்கிக்கொள்கிறேன். ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்கப் போய், தட்டைப் பார்த்து மூடிக்கொள்கிறேன். என்னை அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸின்போது டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். "மார்ச் வரைக்கும் இவ்வளவு நல்லா வெச்சிருந்தீங்களே சார், அப்ப என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். அண்ணன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "அவ ஊர்ல சாப்பிடறாளா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், "எனக்கென்ன" என்று தானே சொல்லிக்கொண்டார்.

ஜூன் ஆறாம் தேதி நான் கிளம்ப வேண்டும், அதற்கு மேல் லீவு இல்லை. உண்மையைச் சொன்னால் என்னையும் நம்பாமல் போய்விடுவார், அப்புறம் யார் கையால் சாப்பிடுவார்? சொல்லாவிட்டால் நீங்கள் இந்த வீட்டுக்குள் வர முடியாது. எனக்கு வழி தெரியவில்லை. இனி நானாக எதையும் செய்ய மாட்டேன். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

உங்கள்,
ஏலிஸ்

✽

பாகூர்
29.5.2024

அன்புள்ள ஏலிஸுக்கு,

டாக்டர் கேட்டதற்கு அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மார்ச் வரை தன்னைக் காப்பாற்றியது எது என்று தெரியாதவராக இருந்தால், "பச்சைக் காய்தான் டாக்டர்" என்று அங்கேயே பிரசங்கம் செய்திருப்பார். உன் அண்ணனை எனக்குத் தெரியும்.

நீ எதையும் சொல்ல வேண்டாம். இனிமேல் புளுகவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை டயாலிசிஸ் கிடையாது அல்லவா? அன்றைக்குக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். அவரை எழுப்பி, சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார வை. பயந்து பயந்து தாழ்ப்பாள் போட்டுச் செய்தது போதும். அவர் கண் முன்னாலேயே நறுக்கி, அவர் கண் முன்னாலேயே வேகவைக்கப் போகிறேன். தூக்கி எறிந்தால் எறியட்டும், மறுபடி நறுக்குவேன். அப்போதும் வேண்டாம் என்றால் நானும் சாப்பிட மாட்டேன். அதற்கு மேல் அவர் பாடு.

உன் மேல் இன்னும் கோபம் போகவில்லை. இருந்தாலும் உனக்கும் சேர்த்துக் கேரட் வாங்கி வருகிறேன், நீயும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. நான் வரும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்கட்டும்.

அண்ணி
சிவசங்கரி