சோபாவுக்குப் பின்னால் உறுமிய பெட்டி

அன்புள்ள குண்டுவுக்கு,

கடைசியாக அனுப்பிய போட்டோவில் கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது, இருந்தாலும் எனக்கு நீ குண்டுதான். நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்தேன். இங்கே என் கால்வலி வழக்கம்போல, அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள், சமையலறைக் குழாய் மட்டும் யார் வந்து மாற்றினாலும் ஒழுகுகிறது. நாங்கள் நலம்தான், ஆனால் அந்த நலத்தில் ஒரு காதளவு குறைச்சல் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருப்பேன், நீ பேசும்போதெல்லாம் உங்கப்பா பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்துகொள்கிறாரே, எப்படிச் சொல்வது.

லீவுக்கு வந்தபோது ஹோம் தியேட்டர் வாங்கி மாட்டிவிட்டுப் போனாய் அல்லவா, அதில் சோபாவுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி, சப்வூஃபரோ என்னமோ. நீ ஊருக்குக் கிளம்பிய கொஞ்ச நாளில் எனக்கு உம்ம்ம் என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. டிவி ஓடினாலும் கேட்கும், ரிமோட்டில் எல்லாவற்றையும் அணைத்தாலும் கேட்கும், படுக்கையறைக்குப் போனால் சுவர் வழியாகக் கூடவே வரும். அப்பாவைக் கேட்டால், எந்தச் சத்தமும் இல்லையே, உன் காதுலதான் வண்டு பூந்திருக்கு என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லையடா. எல்லாம் அணைந்த பிறகும் கேட்கிறது, கூட இருக்கிற மனுஷனுக்குக் கேட்கவில்லை, அப்போது அது என் காதுக்குள்தானே இருக்க வேண்டும். உன் பெரியம்மாவுக்கு இப்படித்தான் ஆனது, முதலில் இரைச்சல், அப்புறம் ஒன்றுமே கேட்காமல் போனது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஸ்விட்ச்போர்டு முன்னால் உட்கார்ந்து, யார் எந்த ஊரிலிருந்து கூப்பிடுகிறார் என்று இருமலை வைத்தே சொன்னவள் நான். என் காதுக்கா இந்தக் கதி? நீ ஞாயிற்றுக்கிழமை பேசும்போது போனை இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததெல்லாம் அதற்காகத்தான், நீ கேட்டதற்குத் தோள் வலி என்று புளுகினேன். இவன் குரல் இன்னும் எத்தனை நாளைக்கோ என்ற பயத்தில் நீ சொன்ன பாதி மண்டையில் ஏறவே இல்லை. மருமகளுக்கு வேலை மாறியதா இல்லையா, மறுபடி சொல்லு.

இப்படியே வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன், பக்கத்து வீட்டு டீச்சர்தான் காப்பாற்றினார். எங்கள் சோபா இருக்கிற சுவரும் அவர் சமையலறைச் சுவரும் ஒன்றுதானே. ஒருநாள் துணி காயப்போடும்போது, எங்க ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினா கூட உறுமுதுங்க, மெக்கானிக் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்துட்டுப் போறான் என்று புலம்பினார். அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. என் காதில் இருப்பது அவர் காதுக்கு எப்படிப் போகும்? கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு அவரை வீட்டுக்கு இழுத்து வந்தேன்.

எக்ஸ்சேஞ்சில் லைன் இரைந்தால் வயரை ஒவ்வொன்றாக உருவிப் பார்ப்போம், எதை உருவும்போது நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. அதையே செய்தேன். டிவி பிளக்கை எடுத்தேன், உறுமல் நிற்கவில்லை. பெட்டிக்குப் பாட்டு கொண்டுபோகும் வயரை உருவினேன், கப்சிப். மறுபடி சொருகினேன், உம்ம்ம். அப்படியானால் பெட்டி நல்ல பெட்டிதான், வயர் வழியாகத்தான் வருகிறது. பாயைத் தூக்கிப் பார்த்தால், அடேயப்பா, உங்கப்பாவின் கைவரிசை! நீ போன பிறகு, வயர் கண்ணில் படக்கூடாது என்று பாட்டு வயரையும் கரண்ட் வயரையும் சடை பின்னுகிற மாதிரி முறுக்கி, மேலே டேப் சுற்றி, டிவி பக்கத்து போர்டை விட்டுவிட்டு ஜன்னல் பக்கத்து பிளக்கில் மாட்டியிருக்கிறார். ரிமோட்டுக்கு அந்தப் பெட்டி கட்டுப்படாது, அது தனியாகக் கரண்ட் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. டேப்பை வெட்டி இரண்டு வயரையும் தள்ளித் தள்ளிப் போட்டதும் பாதி அடங்கியது. டிவி இருக்கிற அதே போர்டுக்குப் பிளக்கை மாற்றியதும் மீதியும் போய்விட்டது. அவ்வளவுதான், ஒரு பைசா செலவில்லை.

நான் சொல்ல வந்தது இது இல்லை. நாங்கள் பிடுங்குவதும் சொருகுவதுமாக இருந்தபோது அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சத்தம் வரும்போது டீச்சரும் நானும் ஒரே நேரத்தில் தலையாட்டுகிறோம், அவர் எங்கள் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார். இப்போ இருக்கா, இப்போ இருக்கா என்று சின்னப்பிள்ளை மாதிரி கேட்டார். நல்லா உறுமிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கையைப் பிடித்துப் பெட்டி மேல் வைத்தேன். உள்ளங்கைக்கு அதிர்வு தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டு, அத்தனை வருஷம் மில்லுல தறிங்க இரைச்சலுக்கு நடுவுலயே நின்னுட்டேன்ல என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் காது தப்பித்தது என்று சந்தோஷப்படக்கூட முடியவில்லை. டிவி சத்தத்தை ஏற்றி ஏற்றி வைத்தபோதெல்லாம் மனுஷனுக்குப் பிடிவாதம் என்று சண்டை போட்டேனே.

காது டாக்டரிடம் போய் வந்துவிட்டோம். போனது திரும்பாது, இருப்பதற்கு மிஷின் வைத்தால் நன்றாகவே கேட்கும் என்றார், அடுத்த வாரம் வந்துவிடும். நீ பதறிக்கொண்டு டிக்கெட் போடாதே. இனிமேல் வீடியோவிலேயே பேசு, உன் வாயசைவு தெரிந்தால் அவருக்குப் புரியும்; இவ்வளவு நாள் போனில் நான் பேசும்போது என் வாயைப் பார்த்துத்தான் சமாளித்திருக்கிறார், அதனால்தான் அப்படி ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். கத்தாதே, நிதானமாகப் பேசு, கேட்குதா கேட்குதா என்று நச்சரிக்காதே. உனக்குத் தெரிந்ததாகவும் நான் எழுதியதாகவும் காட்டிக்கொள்ளாதே, அவராகச் சொல்லட்டும்.

மிஷின் வைத்துக்கொள்ள ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். அது வந்ததும் வயரைப் பழையபடி முறுக்கி, பழைய பிளக்கிலேயே மாட்ட வேண்டுமாம். நீ தனியா கேட்டுக்கிட்டு பயந்துகிட்டு இருந்தியே, அதை நானும் ஒரு தடவை கேக்கணும் என்கிறார். டேப் வாங்கி வைத்திருக்கிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை, வீடியோவில், மறக்காதே.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா