கூடத்துச் சாக்பீஸ் வட்டங்கள்

ஏங்க,

கப்பைக்கிழங்கு அவித்துச் சட்டியில் மூடி வைத்திருக்கிறேன். புது வீட்டுச் சாவி காலண்டர் ஆணியில். எலக்ட்ரீஷியன் சிஜு சேட்டன் பத்து மணிக்கு வருவார். அங்கே கூடத்துத் தரையில் நான் சாக்பீஸில் போட்ட வட்டங்களைத் துடைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் நேர்மேலே, கூரைப் பலகைக்குள் ஒரு விளக்கு பதிக்க வேண்டும். ஃபேன் நிழல் விழாதபடி அளந்திருக்கிறேன். “என்னடி, கூடத்துக்குள்ளே கோலமா?” என்று நேற்று நீங்கள் சிரித்ததை மறக்கவில்லை. நம் தெருவிலேயே இப்படி விளக்கு வைக்கும் முதல் வீடு நம்முடையது. திட்டம் யாருடையது என்று சேட்டன் கேட்டால் கூச்சப்படாமல் என் பெயரைச் சொல்லுங்கள்.

சொர்ணம்

பி.கு.: டியூப்லைட் இல்லாமல் எப்படிப் பேப்பர் படிப்பது என்றீர்களே, சன்னலோர வட்டம் அதற்குத்தான். அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். சரியில்லையென்றால் அந்த ஒன்றை மட்டும் நீங்கள் தள்ளி வரையலாம்.