ஞாயிற்றுக்கிழமை மட்டும் செல்லும்

அண்ணே,

உங்கள் முப்பதாம் நாள் பூசைக்குக் கிளம்பும்போது, துக்க காரியங்களுக்கு மட்டுமே எடுக்கும் கறுப்புக் கைப்பையை அலமாரியிலிருந்து இறக்கினேன். அந்துருண்டை வாசம் குப்பென்று அடித்தது. உள்ளே ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு. தொட்டதும் வளையம் இற்று உதிர்ந்தது. விற்காமல் மிஞ்சிய ரோஸ் நிறக் கூப்பன்கள், நாற்பத்தொன்று. நம் படத்தின் பெயர், கதாநாயகியின் சிரித்த முகம், அதற்கடியில் நீங்கள் அடம்பிடித்துப் பெரிய எழுத்தில் போட வைத்த வரி: ஞாயிற்றுக்கிழமை மட்டும் செல்லும்.

பூசைக்குப் போகிறவள் மனதில் இருக்க வேண்டிய எதுவும் அப்போது என் மனதில் இல்லை. செத்துப்போய் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டீர்களே என்ற ஆத்திரம்தான் இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

சிம்பாங் ரெங்கம் கோவிலில் நான் எழுதிய கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீங்கள் அதை வீடியோ எடுக்க வந்திருந்தீர்கள். ஜொகூர் மாநிலம் முழுக்கக் கல்யாண வீடியோ எடுக்கிறவர். நான் மூவாரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் கிராணி. "தங்கச்சி, ஒரு காதல் படம் எழுது. சிரிக்கணும், கடைசில சேரணும். நான் எடுக்கிறேன்," என்றீர்கள். அடுத்த வாரமே மூவார் ஆற்றோரக் கடையில் உட்கார்ந்து, ஒரு கல்யாணப் பத்திரிகை உறையின் முதுகில் பட்ஜெட் எழுதினீர்கள். இரண்டு லட்சம் மலேசிய வெள்ளி. பாதி, உங்கள் வீட்டை அடகு வைத்து. அவ்வளவு காசா என்று கேட்டேன். நீங்கள் விரலை இரண்டு முறை சொடுக்கி, "நம்பு தங்கச்சி, கூட்டம் வரும்," என்றீர்கள்.

அந்தச் சொடுக்கு இன்றும் காதில் கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் எரிகிறது.

கேமரன் மலையில் ஒரு பாட்டு எடுத்தீர்கள். கதாநாயகி நான்கு சேலை மாற்றினாள், மூன்று நாள் மழை பெய்தது, பட்ஜெட்டில் கால்வாசி அங்கேயே கரைந்தது. மொத்தப் படத்திலும் சல்லிக்காசு செலவில்லாத காட்சி எது தெரியுமா? அலமாரிக் காட்சி. கல்யாணச் சீராக வந்த அலமாரியை அடுக்குமாடி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறான் லாரிக்காரப் பையன். அது படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொள்கிறது. மேலே கதாநாயகி, கீழே அவன், நடுவில் அலமாரி. முகம் பார்க்காமல் பேசிப் பேசியே காதல் வந்துவிடுகிறது. அந்த அலமாரி எங்கள் தொழிற்சாலையில் நான் இரவல் கேட்டு வாங்கியது. எடுத்து முடித்ததும் ஒரு கீறல் இல்லாமல் திருப்பிக் கொடுத்தேன்.

நாம் சண்டை போட்டது கூப்பனுக்காக. நம் ஊர்ப் படங்களைக் கையில்தானே விற்கிறோம்? கோவிலில், கல்யாணத்தில், சங்கக் கூட்டத்தில் சொந்தபந்தங்களிடம் கூப்பன் கொடுத்துக் காசு வாங்குவோம். அவர்கள் அரங்குக்கு வந்து அதைக் காட்டி டிக்கெட் எடுப்பார்கள். வரும்வரை அரங்கின் கணக்கில் அந்த டிக்கெட் ஏறாது. ஜொகூர் பாருவில் ஒரே ஓர் அரங்குதான் நமக்குக் கிடைத்திருந்தது. படம் வியாழக்கிழமை வெளியாகிறது. அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறை.

"அண்ணே, தியேட்டர்காரன் மொத மூணு நாளுதான் பாப்பான். கூப்பன வெள்ளிக்கிழமைக்குப் போடுங்க. எல்லாரையும் ஞாயித்துக்கிழம வரச் சொன்னா, அதுவரைக்கும் படம் இருக்குமா?" என்று கேட்டேன்.

"சிங்கப்பூர்ல வேலை செய்றவங்களுக்கு ஞாயிறுதான் லீவு. பூசை முடிஞ்சி அப்படியே பஸ்ல ஏத்திடலாம். ஒரே நாள்ல ஐநூறு பேரு நிக்கணும், அத நான் வீடியோ எடுக்கணும். அதப் பாத்துட்டு கோலாலம்பூர் தியேட்டர்காரன் தானா வருவான்," என்றீர்கள்.

கல்யாண வீடியோக்காரரின் புத்தி. பந்தி நிறைந்தால்தான் கேமராவைத் தூக்குவீர்கள். எனக்கு அது தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டேன், உங்கள் வீடு, உங்கள் காசு என்று.

மூன்று நாளும் எல்லாக் காட்சிக்கும் போய் உட்கார்ந்தேன். மொத்தம் அறுபத்திரண்டு டிக்கெட். ஆனாலும் அலமாரிக் காட்சியில் ஒவ்வொரு முறையும் சிரித்தார்கள். நான்கு பேர் சிரித்தாலும் சிரிப்புதானே. சனிக்கிழமை சாயங்காலம் கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். மறுநாள் காட்சிகளுக்கு நேராக வரிசையாகப் பூஜ்யம். "கோசோங், காக்," காலியாக இருக்கிறது அக்கா என்றாள் பரிதாபமாக. ஐநூறு பேர் வருவார்கள் என்று கூப்பனைக் காட்டிக் கெஞ்சினேன். கூப்பன் அவர்கள் கணக்கில் இல்லையே. அன்றே படத்தைத் தூக்கிவிட்டார்கள். கூப்பன் வாங்கிய அத்தனை பேருக்கும் சொல்லி நிறுத்த அந்த ஓர் இரவு போதவில்லை.

மறுநாள் லாபிஸிலிருந்து ஒரு பஸ், சிம்பாங் ரெங்கத்திலிருந்து இரண்டு. பட்டுச் சேலையும் மல்லிகைப்பூவுமாக இறங்கினார்கள். சுவரில் நம் படத்தின் போஸ்டர் கிழிந்து தொங்கியது. நம் அரங்கில் தமிழ்நாட்டுப் படம் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அழுதார்கள். வந்தது வந்தோம் என்று அத்தனை பேரும் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து அந்தப் படத்துக்குள் போனார்கள். நீங்கள் கேமராவைத் தோளில் மாட்டியபடி தூணுக்குப் பின்னால் நின்றீர்கள்.

கூப்பன் காசை ஒரு வெள்ளி விடாமல் திருப்பிக் கொடுத்தீர்கள். வீடு போனது. அதற்காக நான் அழுதிருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் வானொலியில் படம் ஏன் ஓடவில்லை என்று கேட்டபோது என்ன சொன்னீர்கள்? "கதையில அழுத்தம் இல்லைங்க. எழுதினவங்க புதுசு." நான் தொழிற்சாலைக் கேண்டீனில் சோற்றுத் தட்டோடு அதைக் கேட்டேன்.

அந்த ஒரு வார்த்தை என்னைவிட வேகமாக ஊரெல்லாம் சுற்றியது. யாரிடம் கதை கொண்டுபோனாலும், "அந்த அழுத்தமில்லாத படம் எழுதினவங்கதானே?" என்றார்கள். ஒன்பது வருடம் ஒரு கதை விலைபோகவில்லை. அறுபத்திரண்டு பேரைத் தவிர யாருமே பார்க்காத படத்தில் அழுத்தம் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கோவிலில் பார்த்தால் மட்டும், "நல்லா இருக்கியா தங்கச்சி," என்பீர்கள். நான் தலையாட்டிவிட்டுப் போவேன். ஒருநாள் எல்லார் முன்னாலும் உங்கள் வாயாலேயே சொல்ல வைப்பேன் என்று கறுவிக்கொண்டிருந்தேன். போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒன்னு சொல்லணும்மா. அவரு வீட்டுல சொல்லிக்கிட்டேதான் இருப்பாரு. தங்கச்சி கதை நல்ல கதை, நான்தான் அந்தக் கெழமயப் போட்டு கவுத்துட்டேன்னு."

"எப்பலேர்ந்து அண்ணி?"

"அந்த ஞாயித்துக்கெழமலேர்ந்துதான்."

அதுவரை, உங்கள் தப்பு உங்களுக்கே விளங்கவில்லை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பையும் கெடுத்துவிட்டீர்கள். தெரிந்தே செய்திருக்கிறீர்கள். சமையலறையில் சொன்னதை வாசலில் வந்து சொல்ல ஒன்பது வருடம் போதவில்லை உங்களுக்கு. தேநீரைக் குடிக்க முடியாமல் வைத்துவிட்டு, அண்ணியிடம் உண்மையைச் சொன்னேன். இன்னொரு காதல் படம் எழுதி முடித்துவிட்டேன். ஜொகூர் பாருவில் தையற்கடை வைத்திருக்கும் ஒரு பெண் பணம் போடுகிறாள். கேமரன் மலைப் பாட்டுக்கு நீங்கள் செலவழித்த காசுதான் இந்த முழுப் படத்துக்கும் பட்ஜெட்.

அதில் ஒரு மாமா வருகிறார். கல்யாண வீடியோக்காரர். எல்லாருக்கும் லீவு கிடைக்கிற நாளில்தான் கூட்டம் சேரும் என்று, அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையில் கிழமையை மாற்றி அச்சடித்துவிடுவார். கல்யாணத்தன்று மண்டபத்தில் மாப்பிள்ளை, பெண், சமையல்காரர் மூன்றே பேர். மாமா மட்டும் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு, விரலை இரண்டு முறை சொடுக்கி, "நம்பு, கூட்டம் வரும்," என்பார். படம் முழுக்க அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஜனங்கள் சிரிப்பார்கள். சிரிக்க வைக்காமல் விடமாட்டேன்.

அண்ணி எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அந்த மாமாவுக்குப் பொண்டாட்டி இருக்காளா?"

"இல்ல அண்ணி."

"போடு. நான் நடிக்கிறேன். ஒரே ஒரு வசனம் போதும்."

"என்ன வசனம்?"

"ஏங்க, பந்தி காலியா கெடக்கு, எத வீடியோ எடுக்கிறீங்க?"

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. ஃபாதர் திரும்பிப் பார்த்தார். வாடகை வீட்டுக்குக் குடிபோன நாளிலிருந்து அந்த வசனத்தை அண்ணி வைத்திருந்திருக்க வேண்டும். அன்றைக்கே எழுதிச் சேர்த்துவிட்டேன்.

உங்கள் சொடுக்கை என்னால் விட முடியாது அண்ணே. அதுதான் இந்தப் படத்தின் முதல் சிரிப்பு. கூப்பனும் அச்சடிக்கக் கொடுத்தாயிற்று. பச்சை நிறம், முதல் நாள் மட்டும் செல்லும். நாற்பது ரோஸ் கூப்பன்களைக் குப்பையில் போட்டேன். ஒன்றை வைத்திருக்கிறேன். படம் வெளியாவதற்கு முந்தின நாள் உங்கள் கல்லறைக்கு வந்து, காற்றில் பறக்காமல் அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவேன். ஊரெல்லாம் முதல் நாள் பார்க்கட்டும். உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை.