போர்வைக்குள்ளே

அன்புத் தங்கச்சிக்கு,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

இன்று காலை எங்கள் பிரசவ வார்டில் ஒருத்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். உன் வயதுதான் இருக்கும். "மூக்கு அப்படியே எங்க மாமியார் மூக்கு, சிஸ்டர். வாயாவது என்னை மாதிரி வரட்டும்" என்றாள். வார்டே சிரித்தது.

நானும் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்கு நகரப் போனேன். "லேசா குளிருது. மத்தபடி நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் அதே பெண். போர்வையை இழுத்துவிடப் போனவள், ஏனோ விலக்கிப் பார்த்தேன். மெத்தை முழுக்க ரத்தம். டாக்டரைக் கத்திக் கூப்பிட்டபடியே அடிவயிற்றை அழுத்திப் பிசைந்தேன். கருப்பை இறுகாமல் பஞ்சுபோலக் கிடந்தது. டாக்டர் ஓடிவந்து ஊசி போட்டார். ரத்தம் ஏற்றினோம்.

பிழைத்துக்கொண்டாள். கண் விழித்ததும், "தூங்கிட்டேனா சிஸ்டர்? பாப்பா அழுதாளா?" என்று கேட்டாள். நடந்தது எதுவுமே அவளுக்குத் தெரியவில்லை.

பாப்பாவை அவளிடம் கொடுத்துவிட்டு, நேரே இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ வீட்டிலேயே பெற்றுக்கொள்ளப் போவதாக மாப்பிள்ளை சொன்னார். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. லீவு வாங்கிவிட்டேன். இந்தக் கடிதத்தின் பின்னாலேயே வருகிறேன். நீ என்னோடு பேச வேண்டாம். கதவை மட்டும் திற.

உன் அக்கா