மஞ்சள் தண்ணீர் தெளித்த துணி

அக்கா,

நேற்று என் பேத்தி, மலரின் மகள், வீட்டில் ஒரு மிஷினைக் கொண்டுவந்து இறக்கினாள். சட்டையில் படம் பதிக்கிற சூட்டு மிஷின். நம் பட்டறையில் இருந்ததில் கால்வாசிகூட இருக்காது, அரிசி மூட்டை அளவுதான். படித்துக்கொண்டே கூட்டாளிகளுக்குச் சட்டை அடித்துக் கொடுக்கப் போகிறாளாம். அவள் காம்பாரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள் என்று நான் சொல்லாத ஆள் இந்தப் புந்தோங்கில் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி, சொல்லத்தானே செய்வேன்.

ஒரு சட்டையை வைத்து மூடித் திறந்தாள். சூடேறிய போலியஸ்டர் துணியின் வாடை எழுந்தது. நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"என்ன பாட்டி, குளிருதா?" என்றாள்.

"ஆமாம்மா" என்று அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டேன். குளிர் இல்லை அக்கா, பயம். நாற்பது வருஷம் ஆகியும் அந்த வாடைக்குள் அது அப்படியே இருக்கிறது. அது என்ன பயம் என்று தெரிந்த ஆள் நீங்கள் ஒருத்திதான். நீங்கள் போய்ச்சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. இருந்தாலும் உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ரப்பர்த் தோட்டத்தை விற்றுவிட்டார்கள் என்று நாங்கள் ஈப்போவுக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மலரின் அப்பா கிரிக் பக்கம் பலகை லாரி ஓட்டப் போனவர், மாதத்துக்கு ஒரு தரம்தான் வருவார். நான் சிலிபினில் அந்தச் சீன முதலாளி, நம் தவுக்கேயின் அச்சுப் பட்டறையில் சேர்ந்தேன். வேலை பழக என்னை உங்களோடு நிறுத்தினார். பால்மரம் வெட்டிப் பழகிய கைக்கு அந்த மிஷினைத் தொடவே பயம். மேல் தட்டு இறங்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

"கண்ண மூடிக்கிட்டா கை வெந்துரும் புள்ள. தெறந்து வச்சிக்கிட்டு பயப்படு" என்று சிரிப்பீர்கள்.

தாளில் அச்சடித்திருக்கும் படத்தைப் பார்த்து முதல் நாள் நான் முகம் சுளித்தேன். சிவப்பு, காய்ந்த வெற்றிலை எச்சில் மாதிரி இருந்தது. நீலம், சாம்பல் மாதிரி. "கலர் பேப்பருல செத்துக் கெடக்கும். சூடு பட்டாதான் உசுரு வரும், பாரு" என்று துணிமேல் தாளைக் கவிழ்த்து வைத்து மூடினீர்கள். முப்பது எண்ணித் திறந்து தாளை உரித்தீர்கள். கோயில் திருவிழாவில்கூட நான் அப்படி ஒரு சிவப்பைப் பார்த்ததில்லை.

பஞ்சுத் துணியில் மை பிடிக்காது, மூணு தண்ணியில் ஓடிவிடும் என்றீர்கள். தாள் ஒரு நூல் நகர்ந்தாலும் படம் ரெண்டாகத் தெரியும் என்றீர்கள். எல்லாவற்றையும்விட ஈரத்தைப் பற்றித்தான் அதிகம் சொன்னீர்கள். "இந்த ஊருல தெனம் சாயங்காலம் மழ. காத்தே ஈரம்லா. வெறுந்துணிய மொதல்ல ஒரு தடவ அமுக்கி ஆவிய வெரட்டு. பொறவுதான் பேப்பர வைக்கணும். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் கலர் கெட்டுச்சு."

அதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்தும்தான் செய்தேன்.

நான் சேர்ந்த மூன்றாவது வாரம், அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பெரிய கொடிகள் கேட்டிருந்தார்கள். துணி நிறைய அம்மன் முகம். அதே வாரம் என் வீட்டில் மலருக்கு அம்மை போட்டிருந்தது. ஆறு வயசுப் பிள்ளை. நெற்றியிலும் நெஞ்சிலும் முத்து முத்தாக. வாசலில் வேப்பிலை கட்டி, அடுப்பில் தாளிப்பதை நிறுத்தி, மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நான் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். பட்டறையில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்குப் போ என்பார்கள், திரும்பக் கூப்பிட மாட்டார்கள் என்று பயம்.

அன்று காலை தவுக்கே அம்மன் கொடியை நம் இருவர் கையிலும் கொடுத்தார். அம்மை போட்ட வீட்டிலிருந்து வந்தவள் அம்மன் துணியைத் தொடுவதா? தீட்டோடு தொட்டால் அவள் சும்மா விடுவாளா? வீட்டில் பிள்ளை அவள் கையில் கிடக்கிறதே. இடுப்பில் ஒரு சின்னப் புட்டியில் மஞ்சள் தண்ணீர் வைத்திருந்தேன், வீட்டை விட்டுக் கிளம்பும்போது தலையில் தெளித்துக்கொள்வதற்கு. நீங்கள் வெறுந்துணியை அமுக்கி எடுத்துவிட்டுத் தாளை எடுக்கத் திரும்பியபோது, அந்தத் தண்ணீரைத் துணிமேல் தெளித்துவிட்டேன். சுத்தம் செய்தேனாம். தண்ணீர் ஆகாது என்றுதான் சொல்லியிருந்தீர்கள். மஞ்சள் தண்ணீரை நான் தண்ணீரோடு சேர்த்து நினைக்கவே இல்லை.

தாளை உரித்தீர்கள். அம்மன் முகம் முழுக்க வட்ட வட்டமாக வெளிறிய புள்ளிகள். நெற்றிக் குங்குமம் பழுப்பாகக் கலங்கியிருந்தது, கண் மை கன்னத்தில் இறங்கியிருந்தது.

அது அம்மை அக்கா. என் பிள்ளையின் முகத்தில் இருந்ததே அம்மன் முகத்திலும் இருந்தது.

நீங்கள் துணியைத் தடவிப் பார்த்து, "சரியா ஆவி போவல போலிருக்கு" என்று இரண்டாவது துணியை எடுத்து இரண்டு தடவை அமுக்கினீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? முதல் தடவை தெளித்தது போதவில்லை, அதனால்தான் கோபிக்கிறாள் என்று நினைத்து, நீங்கள் திரும்பிய நேரத்தில் இன்னும் அதிகமாகத் தெளித்தேன். திறந்தபோது புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து முகமே அழிந்திருந்தது. தவுக்கே ஓடிவந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

நீங்கள் துணியைப் பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சினீர்கள். "மஞ்ச வேகுற வாட வருது" என்றீர்கள். என் விரலைப் பிடித்துப் பார்த்தீர்கள். மஞ்சள் ஒட்டியிருந்தது.

என்னைப் பின்பக்கம் சாக்கடை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். அடிப்பீர்கள் என்று நினைத்தேன்.

"வூட்டுல யாருக்கு?"

"மகளுக்கு."

"எத்தன நாளாச்சு?"

"அஞ்சு. அக்கா, அவ கோவிச்சுக்கிட்டாக்கா. துணியில வந்து காட்டிட்டா. எம் புள்ளைய எடுத்துக்குவா."

"அது ஈரம். மஞ்சளப் போட்டாலும் ஈரம் ஈரந்தான்லா. அத விடு. புள்ள எப்படி இருக்கு? மூச்சு எப்படி வாங்குது?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் முத்து இறங்கிவிட்டதா, தண்ணீர் எப்போது ஊற்றுவீர்கள் என்றுதான் கேட்டார்கள். "வேகமா வாங்குது. நெஞ்சு உள்ள போயிப் போயி வருது. ராவெல்லாம் இருமுது" என்றேன்.

உங்கள் முகம் மாறியதை இன்றைக்கும் பார்க்கிறேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இப்பவே போ."

"மாமி விடமாட்டாங்கக்கா. ஊசி போட்டா அம்மனுக்கு ஆகாதுன்னு..."

"நான் எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சேன்" என்றீர்கள். குரல் ஏறவே இல்லை. "தோட்டத்துல இருந்தப்ப. வேப்பில கட்டுனேன், தாளிக்கல, யாரு வீட்டுக்கும் போவல, அவ துணிய நான் கெடுக்கவும் இல்ல. ஊசி மட்டும் போடல. இதே மாதிரிதான் மூச்சு வாங்குச்சு. ஏழாம் நாளு போயிருச்சு எம் புள்ள."

உங்களுக்குப் பிள்ளை இருந்தது என்றே எனக்குத் தெரியாது.

தவுக்கேயிடம் போய், ஈரத்துணியை வைத்தது நீங்கள்தான் என்று மலாயில் சொன்னீர்கள். அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே என்னைப் பின்வாசல் வழியாகத் தள்ளிவிட்டீர்கள். டெக்சி பிடித்து வீட்டுக்குப் போனேன். மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "அம்மா வெளையாடிக்கிட்டு இருக்கா, நீ நடுவுல போவாத" என்றார். எனக்கு அவரைவிட அம்மன்மேல்தான் பயம். ஆனால் உங்கள் ஏழாம் நாள்மேல் அதைவிடப் பெரிய பயம் வந்திருந்தது. பிள்ளையைத் துணியோடு வாரிக்கொண்டு ஓடினேன்.

நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார் டாக்டர். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஒவ்வொரு ஊசியின்போதும் மனசுக்குள் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டேன். அம்மை போட்ட ஏழாம் நாள் கட்டிலை விட்டு நகரவே இல்லை, மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன், மிஷின் முன்னால் எண்ணுவதுபோல, முப்பது, மறுபடி ஒன்று. எட்டாம் நாள் காலையில் மலர் கஞ்சி கேட்டாள்.

திருவிழாவில் உங்கள் கொடிகளைக் கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்தேன். குங்குமம் பற்றி எரிகிற மாதிரி இருந்தது. ஒரு புள்ளி இல்லை. அப்போதும் கிட்டே போகப் பயந்துதான் நின்றேன்.

தவுக்கே என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எட்டு வருஷம் ஒரே மிஷினின் இரண்டு பக்கமும் நின்றோம். எவ்வளவு பேசியிருப்போம். தவுக்கேயின் மருமகளிலிருந்து மீன் விலை வரைக்கும். மலர் பட்டறைக்கு வந்தால் அவள் தலையைத் தடவி, "மூக்குல ஒரு தழும்பு இருக்குலா, கல்யாணத்துக்கு ஆவாது" என்று கேலி செய்வீர்கள். அவள் போன பிறகு, அமுக்கி முடித்த துணியையே எடுத்து மறுபடி அமுக்குவீர்கள்.

அந்த நேரங்களில் கேட்டிருக்கலாம். உங்கள் பிள்ளை ஆணா பெண்ணா, எத்தனை வயசு, என்ன பேர் என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாமல் இல்லை. அந்தப் பேர் என் காதில் விழுந்தால் அது என் வீட்டுக்குள் வந்துவிடும், மலரைத் தொட்டுவிடும் என்று பயந்தேன். என் பிள்ளையைக் காப்பாற்றிய வாய்க்கு, தன் பிள்ளையின் பேரைச் சொல்ல ஒரு தடவை இடம் கொடுக்கவில்லை நான்.

இப்போது மலருக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. சாமி விளக்கு ஏற்றும்போது அவள் பேரைச் சொல்கிறேன், பேத்தி பேரைச் சொல்கிறேன், உங்கள் பேரைச் சொல்கிறேன். அதற்கப்புறம் ஒரு பேருக்கு இடம் விட்டு, சும்மா நிற்கிறேன்.