மேல் பக்கத்துப் புல்

நவம்பர் 12

மூன்றாவது டேங்கின் ஒழுக்கை இன்று நானே நிறுத்திவிட்டேன். இந்தப் பார்க்கில் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அது வழிந்துகொண்டேதான் இருக்கிறது. டேங்க் நிறைந்ததும் தண்ணீரை அடைக்க வேண்டிய ஃப்ளோட் வால்வு அடைப்பதே இல்லை. பம்ப் ஓடும், மேலே வழியும், கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டுப் பஞ்சாயத்து ஓவர்சியர் டின்சி மேடம் என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். எத்தனை தடவைதான் எழுதிக் கொடுப்பது? ஏலப்பாறைக்குப் போய் வால்வு வாங்கிவந்து, ஏணி போட்டு ஏறி மாட்டிவிட்டேன். கொழுந்து கிள்ளிய கைக்கு ஸ்பேனரும் பிடிக்க வரும் போலிருக்கிறது.

டேங்குக்குக் கீழே டீக்கடை வைத்திருக்கும் சிசிலி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். "நல்ல காரியம்தான். ஆனா அந்தத் தவளைங்க இனி எங்க போகும் செல்வி?" என்றாள். டேங்குக்குப் பின்னால் எந்நேரமும் சொதசொதவென்று பாசி படர்ந்து கிடக்கும். அங்கே ஒரு பெரிய தவளைக் குடும்பம். அதற்காக நான் பம்ப் ஓட்டிக்கொண்டிருக்க முடியுமா?

ஜனவரி 9

ஃபயர்லைன் வேலை முடிந்தது. கோடை வருமுன் பார்க்கைச் சுற்றி ஆறடி அகலத்துக்குப் புல்லை வெட்டி, மண் தெரியச் செதுக்கிவிட வேண்டும். வெளியே மலையில் தீப்பிடித்தாலும் அந்த மண்ணைத் தாண்டி உள்ளே வராது. எஸ்டேட்டில் சின்ன வயதிலிருந்தே பார்த்த வேலைதான். நானும் இரண்டு கூலிப் பெண்களும் மூன்று நாள் வெட்டினோம். இடப்பக்கம், வலப்பக்கம், ரோட்டோரம். டேங்குக்குப் பின்னால் மேல் பக்கத்தை எப்போதுமே வெட்டுவதில்லை. எனக்கு முன்னால் இங்கிருந்தவரும் விட்டுவிடுவார். ஈரத்தில் என்ன எரியப் போகிறது?

ரிஜிஸ்டரில் வழக்கம்போல "நாலு பக்கமும் வெட்டி முடிந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டின்சி மேடம் கேட்டில் நின்றபடி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்கள். அவர்களுக்கு ஏறினால் மூச்சு வாங்கும்.

ஜனவரி 30

மார்ச் கமிட்டியில் தினக்கூலிக்காரர்கள் மூன்று பேரை நிரந்தரமாக்குகிறார்களாம். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. டின்சி மேடமே போன் செய்து சொன்னார்கள்.

வீட்டுக்காரருக்குச் சொன்னதும் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். அவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் இன்னும் இரண்டு வருடம். அதற்கப்புறம் எஸ்டேட் கொடுத்த இந்த லயத்து வீட்டைக் காலி செய்துதான் ஆக வேண்டும். "ஒன் வேலைதாம் புள்ள இனி நமக்கு வீடு" என்றார். பொன்ராஜ் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து எத்தனை வருடமாகிறது.

பிப்ரவரி 19

தீ. டேங்க் போச்சு. மூணும் போச்சு. எழுத வரல.

பிப்ரவரி 20

நேற்று மதியம் பன்னிரண்டரைக்கு டிக்கெட் கவுன்டரில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். ஏதோ கருகுகிற நாற்றம். வெளியே வந்து பார்த்தால் மேலே டேங்குகள் நிற்கிற இடமே தெரியவில்லை, அவ்வளவு புகை. நானும் சிசிலியும் பச்சைத் தழையை ஒடித்து அடித்தோம். தண்ணீர் ஊற்றலாமென்றால் டேங்கிலிருந்து வரும் குழாயே உருகி வளைந்து கிடக்கிறது. வால்வு மாட்டி ஒரு சொட்டு வீணாகாமல் சேர்த்துவைத்த தண்ணீர், ஒரு வாளிகூடக் கைக்கு வரவில்லை. ஃபயர் இஞ்சின் வருவதற்குள் தீ தானாகவே அடங்கிவிட்டது.

காலையில் போய்ப் பார்த்தேன். கரண்ட் இல்லாததால் நேற்று பம்ப் போடவில்லை, பாதித் தண்ணீர்தான் இருந்தது. தண்ணீர் நின்ற மட்டம் வரை டேங்குகள் அப்படியே இருக்கின்றன. அதற்கு மேலே உருகி மடிந்து, வாய் கோணிய கறுப்புச் சட்டிகள். உள்ளே சாம்பல் மிதக்கிறது. மேலே மலை முழுக்கக் கரி. சிசிலி கடையின் பின்பக்கத் தார்ப்பாய் எரிந்துபோனது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிப்ரவரி 23

இன்று பஞ்சாயத்திலிருந்து ஐந்து பேர் பார்க்க வந்தார்கள். நெருப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. மலைக்கு அந்தப் பக்கமிருந்து இறங்கியிருக்குமோ என்றார் ஒருவர். டின்சி மேடம் ரிஜிஸ்டரைத் திறந்து உரக்கப் படித்தார்கள். நாலு பக்கமும் ஃபயர்லைன் வெட்டியிருக்கிறது. ஆகவே வெளியிலிருந்து தீ உள்ளே வர வழியில்லை. ஆகவே உள்ளேதான் பற்றியிருக்க வேண்டும். உள்ளே அடுப்பு எரிவது ஒரே இடத்தில். எரிந்த தார்ப்பாய்த் துண்டு காற்றில் பறந்து மேலே மலையிலும் பற்றியிருக்கும்.

எல்லோரும் சிசிலியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். என் கையெழுத்து. அப்போதுதான் உறைத்தது. ஒழுக்கை நான் நவம்பரில் நிறுத்திவிட்டேன். பின்னே ஈரம் எங்கே? மூன்று மாத வெயிலில் மேல் பக்கத்துப் புல் காய்ந்து சருகாகத்தானே இருந்திருக்கும்? தினமும் பார்க்கிற இடம். பார்த்தும் பார்க்கவில்லை. பழைய பழக்கத்தில் மூன்று பக்கம் வெட்டி, பழைய பழக்கத்தில் நாலு பக்கம் என்று எழுதியிருக்கிறேன்.

இப்போது அங்கே வெட்டிய இடமும் வெட்டாத இடமும் ஒரே கரி. யாருக்கும் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. சிசிலி கடைக்குப் பூட்டுப் போட்டுச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள்.

பிப்ரவரி 24

சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தேன்.

மார்ச் 2

ஜீப்பில் டிரம் டிரம்மாகத் தண்ணீர் வருகிறது. கக்கூஸுக்கே போதவில்லை. வருகிறவர்களெல்லாம் என்னிடம்தான் எரிந்து விழுகிறார்கள். நானும் திருப்பி எரிந்து விழுகிறேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. செடிக்குத் தண்ணீர் விடப் போய் வாளியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

பொன்ராஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீ யார் மேலயும் பழி போடலயே. அவங்களாப் போட்டுக்கிட்டாங்க. கமிட்டி முடியுற வரைக்கும் வாயத் தொறக்காத" என்றார். நியாயமாகத்தான் தெரிந்தது. தெரு முனைக் குழாயடிக்குப் போவதற்குள் அது நியாயமாகத் தெரியவில்லை.

மார்ச் 8

ஏலப்பாறை பஸ் ஸ்டாண்டில் சிசிலி. சுவரோரம் ஒரு ஃபிளாஸ்க்கும் ஒரு கூடை அவித்த முட்டையும் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பார்க்காத மாதிரி பஸ் ஏறிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவளே கூப்பிட்டாள். டீ ஊற்றிக் கொடுத்தாள், வழக்கம்போல எனக்கு ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாக.

"செல்வி, அன்னிக்கு நீ பாத்தியா? அடுப்ப நான் அணச்சேனா இல்லையா? அணச்சேன்னுதான் இத்தன நாள் சொல்லிட்டிருந்தேன். இப்ப எனக்கே சம்சயமா இருக்கு கேட்டோ."

அவள் அணைத்திருந்தாள். நான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே, அவள் தண்ணீர் தெளித்து அணைத்தபோது வந்த சத்தத்தை என் காதால் கேட்டேன். அதையாவது சொல்லியிருக்கலாம். "பஸ் வந்திருச்சு" என்று சொன்னேன்.

என்ன பிறவி நான்?

மார்ச் 14

புது டேங்குகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் ஐயாயிரம் லிட்டர். லாரி கேட் வரைக்கும்தான் வரும். அங்கிருந்து மேலே உருட்டித்தான் கொண்டுபோக வேண்டும். ஃபேக்டரியிலிருந்து பொன்ராஜ் ஆறு பேரைக் கூட்டிவந்தார். மேலே நான்கு பேர் கயிறு பிடிக்க, கீழே மற்றவர்கள் தோள் கொடுக்க, ஓரடி உருட்டினால் முக்காலடி திரும்பி வருகிறது. பழைய சட்டிகளை முன்னமே அறுத்து இறக்கியாயிற்று. பிளாட்பாரம் கழுவி, வெடிப்புக்குச் சிமெண்ட் பூசி, காய்ந்து கிடந்தது.

இரண்டாவது டேங்குக்கு ஆள் போதவில்லை. என் பக்கத்தில் யாரோ வந்து தோள் கொடுத்தார்கள். திரும்பிப் பார்த்தால் சிசிலி. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கயிறு பிடித்த ஒருத்தர் "கொளுத்துனவளே சொமக்கட்டும்" என்று முனகியது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. அவள் இன்னும் பலமாகத் தள்ளினாள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நாளன்னிக்கு ஆபீஸ்ல எழுதி ஒப்பு போட்டுக் குடுக்கப் போறேன். தீ என் அடுப்புலருந்துதான்னு. ஒத்துக்கிட்டா கேஸ் இல்லாம விடுறாங்களாம். ஒரு வேள அது நெசமாவும் இருக்கும்."

இல்லன்னு சொல்ல வாய் வந்துச்சு. பொன்ராஜ் கயிறப் பிடிச்சிக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. நான் குனிஞ்சி தண்ணி குடிச்சேன்.

மார்ச் 15

ஆபீஸுக்குப் போய்ச் சொல்லிவிடலாமா, வேண்டாமா. இரண்டு வருடம் கழித்து எங்கே போய் இருப்பது? அவள் இப்போது எங்கே போய் இருப்பாள்? அவித்த முட்டையை எத்தனை நாள் விற்பாள்?

மார்ச் 16

சொல்லிவிட்டேன்.

சிசிலி வருவதற்கு முன்னால் போய்விட வேண்டுமென்று முதல் பஸ்ஸில் போய் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தேன். டின்சி மேடம் சாவியை எடுக்கும்போதே ஆரம்பித்துவிட்டேன், இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். மேல் பக்கம் வெட்டவில்லை. ஒன்பது வருடமாக வெட்டியதில்லை. ரிஜிஸ்டரில் எழுதியது பொய். அடுப்பை அவள் அணைத்தது எனக்குத் தெரியும்.

மேடம் பூட்டைத் திறந்து என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். "சேச்சி, என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? அதுல உங்க கையெழுத்துக்குக் கீழ என்னோட ஒப்பும் உண்டு. கமிட்டிக்கு இன்னும் பத்து நாள்தான்" என்றார்கள்.

"தெரியும் மேடம்."

"நான் கேக்கல, நீங்க சொல்லல. வீட்டுக்குப் போங்க."

"எழுதிக் கொண்டாந்துருக்கேன்" என்று பேப்பரை நீட்டினேன். மேடம் வாங்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 17

டின்சி மேடம் இன்று மேலே ஏறினார்கள். மூன்று இடத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, டேங்குக்குப் பின்னால் போய்ச் செருப்பால் கரியைக் கிளறிப் பார்த்தார்கள். கருகிய புல்வேர் கட்டையாக, அடர்த்தியாக, மண் வரைக்கும் இருந்தது. செதுக்கிய இடத்தில் வேர் ஏது? இறங்கும்போது, "உங்க பேப்பர செக்ரட்டரிக்குக் குடுத்துட்டேன். நான் பாக்காம ஒப்பு போட்டேன்னு என்னோடதும் சேத்து. சிசிலிகிட்ட எதுவும் எழுதி வாங்கல" என்றார்கள்.

மார்ச் 26

பட்டியலில் என் பெயர் இல்லை.

வேலையை விட்டு எடுக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம், அதே தினக்கூலி. டின்சி மேடத்துக்கும் ஒரு கடிதமாம். பொன்ராஜ் திட்டியிருந்தால் தேவலை. கூரையில் தண்ணீர் இறங்கும் இடத்துக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தார், இரண்டு வருடத்தில் விட்டுப் போகப் போகிற வீட்டுக்கு.

மார்ச் 30

கடைச் சீலை உடைத்துக் கொடுத்தார்கள். சந்தோஷமாக ஓடினேன், முட்டாள் மாதிரி. சிசிலி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நாலு வாரத்துக்கு மேல ஆச்சு செல்வி. என் கையையே நான் சந்தேகப்பட்டுக்கிட்டிருந்தேன். ராத்திரி எழுந்திரிச்சு வீட்டடுப்பத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன். நீ எல்லாம் தெரிஞ்சிக்கிட்டு என் முன்னால நின்னு டீயக் குடிச்ச."

குடிச்சேன். ஆமா, குடிச்சேன்.

ஏப்ரல் 21

தண்ணீர் வந்துவிட்டது. மூன்று டேங்கும் நிறைகிறது, வால்வு சரியாக அடைக்கிறது, ஒரு சொட்டு வழியவில்லை. கடையில் கூட்டம். எனக்கு மட்டும் டீ இல்லை. ஃபிளாஸ்க்கில் வீட்டிலிருந்து கொண்டுபோகிறேன், ஆறிப்போகிறது.

ஆகஸ்ட் 3

மழை விடாமல் அடிக்கிறது. டேங்குக்குப் பின்னால் புல் இடுப்புயரம். ஒரு தவளை கத்துகிறது. சிசிலி இன்று, "மேலக் குழாய்ல தண்ணி வரல" என்றாள். நாலு மாதத்தில் இதுதான் நாலாவது பேச்சு. எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பது கேவலம்தான்.

ஜனவரி 7

ஃபயர்லைன். இந்த வருடம் மேல் பக்கத்தில்தான் முதலில் ஆரம்பித்தேன். கூலிப் பெண்கள் இருவரும் ரோட்டோரம் வெட்டினார்கள், நான் தனியாக மேலே. அந்தப் புல்லைக் குனிந்து பிடித்தால்தான் தெரிகிறது, எவ்வளவு அடர்த்தி. பத்து மணிக்குள் இடுப்பு விட்டுப்போயிற்று.

நிமிர்ந்து பார்த்தால் மறுகோடியில் சிசிலி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் அரிவாளோடு. கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறாள்.

"நீ எதுக்கு வந்த?" என்றேன்.

"உன்மேல நம்பிக்க இல்லாமத்தான். கீழ இருக்கது என் கடையாக்கும்."

வெட்ட ஆரம்பித்தோம். அவள் அந்தக் கோடியிலிருந்து, நான் இந்தக் கோடியிலிருந்து. நான் செதுக்கிய இடத்தை ஒவ்வொரு தடவையும் வந்து காலால் தேய்த்துப் பார்த்தாள். மண் தெரிந்தால்தான் அடுத்த அடி. சாயங்காலம் நிறுத்தியபோது எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னும் முப்பதடிப் புல் நின்றது.

"ரிஜிஸ்டர்ல எழுதப் போறியா?" என்று கேட்டாள்.

"வேல இன்னும் முடியலயே" என்றேன்.

இறங்கிப் போனாள். நாளை ஏழு மணிக்கு வருகிறாளாம், கீழே கூலிப் பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். போகும்போது தன் அரிவாளைக் கவுன்டர் ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், என்னுடையதோடு சேர்த்துத் தீட்டி வைக்கச் சொல்லி.